வெள்ளம், வறட்சி, கணினி மாதிரி: அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஆற்றில் எவ்வளவு நீர் வரும், அணைக்கு என்ன உயரம் வேண்டும், அடுத்த கோடையில் நீர் போதுமா என்ற கேள்விகளுக்கு இன்று பெரும்பாலும் கணினி மாதிரிகள்தான் பதில் தருகின்றன. அந்தப் பதில் ஒற்றை எண்ணாக அறிக்கைக்கு வந்து, அங்கிருந்து செய்திக்கும் போய்விடுகிறது. அதன் பின்னால் இருக்கும் நிச்சயமின்மை வழியிலேயே எங்கோ உதிர்ந்துவிடுகிறது. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

நீரியல் மாதிரி என்பது உண்மையில் என்ன செய்கிறது?

வரவு செலவுக் கணக்குதான். வடிநிலத்தில், அதாவது ஓர் ஆற்றுக்கு நீர் வடிந்து சேரும் நிலப்பரப்பில், விழுந்த மழை வரவு. ஆவியாகிப் போனது, செடிகொடிகள் உறிஞ்சி வெளிவிட்டது, ஆற்றில் ஓடியது எல்லாம் செலவு. மண்ணிலும் நிலத்தடியிலும் தங்கியது இருப்பு. 1966இல் கிராஃபோர்டும் லின்ஸ்லியும் உருவாக்கிய ஸ்டான்ஃபோர்டு மாதிரி முதல் இன்றைய மாதிரிகள் வரை அடிப்படை இதுதான். மழை எந்த வேகத்தில் மண்ணுக்குள் இறங்கும், மண் எவ்வளவு பிடித்துவைக்கும், எப்போது விடும் என்பதைச் சூத்திரங்களாக எழுதும் விதத்தில்தான் மாதிரிக்கு மாதிரி வேறுபாடு.

அப்படியானால் தவறு எங்கிருந்து வருகிறது?

உள்ளே போகும் மழை, வெப்பநிலை தரவிலிருந்து வரலாம். சூத்திரங்களிலிருந்து வரலாம். சூத்திரங்களில் நாம் நிரப்பும் பாராமீட்டர் மதிப்புகளிலிருந்து வரலாம். கடைசியாக, மாதிரி சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆற்றுநீர் அளவிலிருந்தே வரலாம். பழியெல்லாம் பொதுவாகச் சூத்திரத்தின் மேல்தான் விழும். என் கணிப்பில் முதலும் கடைசியும்தான் பெரிய குற்றவாளிகள். மாதிரியைத் திட்டும் முன் அளவீட்டைப் பார்க்க வேண்டும்.

மழையை அளப்பதில் என்ன பெரிய சிக்கல்?

மழைமானியின் வாய் சில நூறு சதுர சென்டிமீட்டர்தான். அதில் விழுந்ததை வைத்து நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் விழுந்ததைச் சொல்கிறோம். உலகில் தரவு கிடைக்கும் மழைமானிகள் அத்தனையின் வாய்ப் பரப்பையும் கூட்டினால் ஒரு கால்பந்து மைதானத்தில் பாதிகூட வராது என்று 2017இல் ஒரு கணக்கு வெளியானது. இடிமழை ஒரு பள்ளத்தாக்கில் கொட்டிவிட்டு அடுத்ததை நனைக்காமல் போகக்கூடியது. மானி எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அன்றைய மழை பூஜ்யமாகவும் இருக்கலாம், 150 மில்லிமீட்டராகவும் இருக்கலாம். போதாததற்குக் காற்று வேறு. அது துளிகளை மானியின் வாயைத் தாண்டித் தள்ளிவிடும். மழையில் இந்த இழப்பு சில சதவீதம். பனியில் பாதிவரை போகலாம்.

ரேடார் இருக்கிறதே?

இருக்கிறது, மழை எங்கே பெய்கிறது என்பதை அருமையாகக் காட்டும். ஆனால் ரேடார் மழையை அளப்பதில்லை. துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையைத்தான் அளக்கிறது. அந்த வலிமை துளியின் விட்டத்தின் ஆறாம் படியைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர் துளி ஒன்று, 1 மில்லிமீட்டர் துளிகள் 64 சேர்ந்து அனுப்பும் எதிரொலியை அனுப்பும். அதிலுள்ள நீரோ எட்டுத் துளிகளின் நீர்தான். ஆகவே துளிகளின் அளவு எப்படிக் கலந்திருக்கும் என்ற ஓர் ஊகம் இல்லாமல் எதிரொலியை மழையாக மாற்ற முடியாது. அந்த ஊகம் மழைக்கு மழை மாறும். மானியும் ரேடாரும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நன்று, அவ்வளவுதான்.

ஆற்றில் ஓடும் நீரை நேரடியாகத்தானே அளக்கிறார்கள்?

இல்லை. இதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும். அன்றாடம் அளப்பது நீர்மட்டத்தை மட்டுமே. நொடிக்கு இத்தனை கனமீட்டர் என்று பதிவாகும் எண், அந்த மட்டத்திலிருந்து கணக்கிட்டது.

நடப்பது இப்படி. வருடத்தில் சில முறை ஊழியர்கள் ஆற்றுக்குப் போய்க் குறுக்குவெட்டைப் பல செங்குத்துப் பட்டைகளாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பட்டையிலும் ஆழத்தையும், மேலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் நீரின் வேகத்தையும் எடுப்பார்கள். ஆழமான இடத்தில் பத்தில் இரண்டு, பத்தில் எட்டு என்று இரு இடங்களில் எடுப்பார்கள். பரப்பை வேகத்தால் பெருக்கிக் கூட்டினால் அன்றைய நீரோட்டம் கிடைக்கும். இப்படிச் சேர்ந்த புள்ளிகளை மட்டத்துக்கு எதிராகக் குறித்து அவற்றின் ஊடாக வரையும் கோடுதான் ரேட்டிங் கர்வ். அதற்குப் பிறகு மட்டம் தெரிந்தாலே போதும், கோடு நீரோட்டத்தைச் சொல்லிவிடும்.

சிக்கல் கோட்டின் இரு முனைகளிலும் இருக்கிறது. பெருவெள்ளத்தில் மரங்கள் அடித்துக்கொண்டு வரும்போது யாரும் கருவியோடு ஆற்றில் இறங்க மாட்டார்கள். அதனால் மேல்முனையில் புள்ளியே இருக்காது, கோட்டை நீட்டித்துத்தான் படிக்க வேண்டும். அதே வெள்ளத்தில் படுகை அரித்துப்போகும். கரை தாண்டிய நீர் வயல்களில் பரவி வேறு கணக்கில் ஓடும். கீழ்முனையிலோ நீர் மிகக் குறைவு. கொஞ்சம் பாசி, ஒரு மணல் திட்டு போதும், கணக்கு தடுமாறும். இந்த வகை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் தோராயம்: கரைக்குள் ஓடும் நடுத்தர, உயர் நீரோட்டத்தில் 10 முதல் 20 சதவீதம் பிழை, கரை மீறிய வெள்ளத்தில் 40 சதவீதம், மிகக் குறைந்த நீரோட்டத்தில் 50 முதல் 100 சதவீதம். வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் நமக்கு வேண்டியவை அந்த இரு முனைகள்தான் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வெள்ளம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மட்டத்தில் ஒரே நீரோட்டம் இருப்பதில்லை. சரிவு குறைந்த ஆறுகளில் ஏறும்போது அதிகம் ஓடும். ஒற்றைக் கோட்டுக்கு அது தெரியாது.

இதெல்லாம் நடைமுறையில் எவ்வளவு பாதிக்கும்?

1997 ஏப்ரலில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ரெட் ஆறு பெருகியது. கிராண்ட் ஃபோர்க்ஸ் நகருக்குப் பல வாரங்களுக்கு முன்பே முன்னறிவிப்பு வந்துவிட்டது: இனி மழையோ பனியோ இல்லையென்றால் 47.5 அடி, வழக்கமான அளவு பெய்தால் 49 அடி. மக்கள் அந்த 49ஐ மனதில் வைத்து, அதற்குச் சில அடிகள் மேலே வருமாறு கரைகளை மணல் மூட்டைகளால் உயர்த்தினார்கள். ஆறு 54.35 அடிக்கு ஏறியது. ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்த நகரம் காலியானது. நகர மையத்தில் தீயும் பற்றி 11 கட்டடங்கள் எரிந்தன.

பிழை சுமார் 11 சதவீதம். பதிவுகளில் அதுவரை காணாத மட்டத்தை, ரேட்டிங் கர்வின் நீட்டித்த பகுதியைக் கொண்டு கணிக்கும்போது இது மோசமான பிழை என்று சொல்ல முடியாது. மோசமாக நடந்தது வேறு. இதற்கு முந்தைய முன்னறிவிப்புகள் எத்தனை அடி தவறியிருந்தன என்பது அந்த எண்ணோடு சேர்ந்து போகவில்லை. பலர் 49ஐ உச்சவரம்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மழையில் 10 சதவீதம் தவறினால் ஆற்றிலும் 10 சதவீதம்தானே தவறும்?

தவறு பெருகும். வருடத்துக்கு 1000 மில்லிமீட்டர் மழை, அதில் 700 ஆவியாகிறது, 300 ஆற்றுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மழையை 1100 என்று தவறாக எடுத்து, ஆவியாதலை 700ஆகவே வைத்தால் ஆற்றுக்கு 400 வரும். 10 சதவீதப் பிழை 33 சதவீதமாகிவிட்டது. உண்மையில் கூடுதல் மழையில் ஒரு பங்கு ஆவியாகும் என்பதால் இவ்வளவு முழுதாக வராது. ஆனாலும் ஆஸ்திரேலிய வடிநிலங்களில் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் மழை 1 சதவீதம் மாறினால் நீரோட்டம் 2 முதல் 3.5 சதவீதம் மாறியது. வறண்ட நிலத்தில் இந்தப் பெருக்கம் அதிகம், ஈரமான நிலத்தில் குறைவு.

பழைய தரவோடு பொருந்தும்படி பாராமீட்டர்களைத் திருத்தினால் போதாதா?

அதைத்தான் காலிப்ரேஷன் என்கிறார்கள், எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் பொருந்தும் விடை ஒன்று மட்டும் கிடைப்பதில்லை, ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. மண் மெல்லிய அடுக்கு, நிலத்தடி நீர் மெதுவாக விடுகிறது என்று ஒரு தொகுப்பு. மண் ஆழமானது, நிலத்தடி வேகமாக விடுகிறது என்று இன்னொன்று. இரண்டும் கடந்த பத்து வருட ஆற்று நீரோட்டத்தை ஏறக்குறைய ஒரே அளவு நன்றாகத் தரும். இவற்றில் எது உண்மை என்று நீரோட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை. காடு அழிந்தால், தொடர்ந்து மூன்று வருடம் மழை பொய்த்தால், அப்போது இரண்டும் வெவ்வேறு பதில் சொல்லும்.

இங்கிலாந்தின் நீரியலாளர் கீத் பெவன் இதை விடாமல் வலியுறுத்தி வந்தவர். 1992இல் அவரும் ஆண்ட்ரூ பின்லியும் ஒரு வழி சொன்னார்கள்: சிறந்த தொகுப்பு ஒன்றைத் தேடாதே, ஆயிரக்கணக்கான தொகுப்புகளை ஓட்டு, ஏற்கத்தகாதவற்றைத் தள்ளு, மீந்தவை எல்லாவற்றின் விடைகளையும் ஒரு வரம்பாகக் கொடு. எது ‘ஏற்கத்தக்கது’ என்பதை ஆய்வாளரே முடிவு செய்கிறார் என்பதால் புள்ளியியல்காரர்கள் இந்த முறையோடு சண்டை போட்டார்கள், இன்னும் ஓயவில்லை. சண்டையில் யார் பக்கம் சரி என்றாலும், ஒரே ஒரு தொகுப்பை ‘சரியானது’ என்று அறிக்கையில் போடும் பழக்கத்தைவிட இது நேர்மையானது.

மாதிரியின் மதிப்பெண் 0.9 என்கிறார்கள். நல்ல மாதிரிதானே?

நாஷ்-சட்கிளிஃப் மதிப்பெண்ணைச் சொல்கிறீர்கள் (1970 முதல் புழக்கத்தில் உள்ளது). 1 என்றால் முழுப் பொருத்தம். 0 என்றால் தினமும் சராசரியையே சொல்லிக்கொண்டிருந்தாலும் இதே பலன். பிழையை வர்க்கப்படுத்துவதால் இது பெரிய நீரோட்டங்களைத்தான் பார்க்கும். வறண்ட மாதங்களில் மாதிரி இரண்டு மடங்கு தவறினாலும் மதிப்பெண் அசையாது. அப்புறம், மழைக்காலமும் கோடையும் தெளிவாகப் பிரிந்த ஆறுகளில் பருவத்தை மட்டும் பிடித்துவிட்டாலே நல்ல மதிப்பெண் வந்துவிடும்.

கேட்க வேண்டியது: திருத்தப் பயன்படாத வருடங்களில் எவ்வளவு? நீரியலாளர் விட் கிளெமெஷ் 1986இலேயே கடுமையான சோதனையைச் சொல்லிவிட்டார். மாதிரியை ஈரமான வருடங்களில் திருத்து, வறண்ட வருடங்களில் ஓட்டிப் பார். அதில் தேறாத மாதிரியை வறட்சிக்குப் பயன்படுத்தாதே.

‘100 ஆண்டு வெள்ளம்’ போன வருடம்தானே வந்தது, இனி 100 வருடம் கவலையில்லையா?

கவலை உண்டு. எந்த ஒரு வருடத்திலும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் பொருள். போன வருடம் வந்ததை ஆறு நினைவில் வைத்துக்கொள்வதில்லை. 30 வருடத்தில் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 26 சதவீதம். 100 வருடத்தில் 63 சதவீதம்.

இதைவிடப் பெரிய பிரச்சினை அந்த வெள்ளத்தின் அளவையே நாம் சரியாக அறியாதது. 40 வருடப் பதிவை வைத்து 100 ஆண்டு வெள்ளத்தைக் கணக்கிட்டால், நடுமதிப்பு நொடிக்கு 900 கனமீட்டர் என்று வரலாம், நியாயமான வரம்பு 650 முதல் 1400 வரை போகலாம் (இது விளக்கத்துக்கான எண்). வரைபடத்தில் சிவப்புக் கோடு போடும்போது 900 மட்டும்தான் தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் வீடு இருப்பவர் நிம்மதியாக உறங்குகிறார், அந்தப் பக்கம் இருப்பவர் காப்பீடு எடுக்கிறார்.

பதிவுகள் நீளமாக இருந்தால் தீர்ந்துவிடுமா?

நிறையத் தீரும். ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கில் 2021 ஜூலையில் வந்த வெள்ளத்தில் 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்குள்ள ஆல்டெனார் ஊரின் நீர்மட்ட அளவி 1946 வாக்கில்தான் தொடங்கியது. 2021க்கு முன் அங்கு பதிவான உச்சம் 2016இல் 3.71 மீட்டர். 2021இல் அளவியே அடித்துச் செல்லப்பட்டது. பின்னர் மதிப்பிட்ட மட்டம் ஏறத்தாழ 10 மீட்டர். ஆனால் 1804இலும் 1910இலும் அதே பள்ளத்தாக்கில் பெருவெள்ளங்கள் வந்திருந்தன. அவை பழைய ஆவணங்களில் இருந்தன, அபாய வரைபடத்துக்கான புள்ளிவிவரத்தில் இல்லை. கருவி அளக்கவில்லை என்பதற்காக ஒரு வெள்ளத்தைக் கணக்கிலிருந்து விடுவது எனக்குப் புரியாத கண்டிப்பு. பாலத்தில் செதுக்கிய வெள்ளக் குறி, கோயில் அல்லது தேவாலயப் பதிவு, ஊர்க்காரர் நினைவு இவற்றைப் பெரிய பிழை வரம்போடு சேர்த்தாலும் லாபம்தான்.

வறட்சிக் கணிப்பு ஏன் இன்னும் கடினம்?

வெள்ளம் வந்து போய்விடும், வறட்சி மெல்லச் சேரும். சின்னச் சின்னப் பிழைகள் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். அதோடு வறண்ட வருடங்கள் கூட்டமாக வரும் குணமுண்டு. நைல் ஆற்றில் கி.பி. 622 முதலான மட்டப் பதிவுகளை ஆராய்ந்த ஹெரால்ட் ஹர்ஸ்ட் 1951இல் காட்டியது இதையே: நல்ல வருடங்களும் கெட்ட வருடங்களும் பகடை உருட்டினாற்போல் கலந்து வருவதில்லை, நீண்ட தொடர்களாக வருகின்றன. அப்படியானால் 20, 30 வருடப் பதிவு முழுவதுமே ஒரு நல்ல தொடராக இருந்துவிடலாம்.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் அதுதான் நடந்தது. நீரைப் பங்கிடும் 1922 ஒப்பந்தத்தை எழுதியபோது ஆற்றில் வருடத்துக்குச் சராசரியாக 1.6 கோடி ஏக்கர்-அடிக்கு (ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) மேல் நீர் வருவதாகக் கருதினார்கள். மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் தலா 75 லட்சம் என்று பிரித்தார்கள். 1944 உடன்படிக்கையில் மெக்சிகோவுக்கு 15 லட்சம் சேர்ந்தது. 1976இல் மர வளையங்களைக் கொண்டு பல நூற்றாண்டு நீரோட்டத்தை மீட்டெடுத்தபோது நீண்டகாலச் சராசரி சுமார் 1.35 கோடி என்று வந்தது. ஒப்பந்தத்துக்கு முந்தைய வருடங்கள் அபூர்வமான ஈரக் காலம். இல்லாத நீரைக் காகிதத்தில் பங்கிட்டாகிவிட்டது. அந்தத் தகராறு இன்றும் நடக்கிறது.

வடிநிலத்தின் நடத்தையே மாறிவிடும் அபாயமும் உண்டு. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் 1997 முதல் 2009 வரை நீடித்த வறட்சியில், அதே அளவு மழைக்கு முன்பைவிடக் குறைந்த நீரே ஆற்றுக்கு வந்தது. பழைய தரவில் திருத்திய மாதிரிகள் தொடர்ந்து அதிகமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. விக்டோரியா மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வடிநிலங்கள், வறட்சி முடிந்து ஏழு வருடமாகியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2021இல் தெரிந்தது.

இன்னும் நுணுக்கமான மாதிரியைப் போட்டால் நிச்சயமின்மை குறையாதா?

சில சமயம். வடிநிலத்தை 100 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கலாம், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் மண்ணின் தன்மை வேண்டுமே. அது இல்லாதபோது ஒரே மண் வரைபடத்திலிருந்து நிரப்புவார்கள். படம் கூர்மையாகிறது, அறிவு கூடுவதில்லை.

செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்த்துவிட்டதா?

முன்னேற்றம் உண்மையானது, சந்தேகமில்லை. 2018 முதல் எல்.எஸ்.டி.எம். என்ற வகை நரம்பு வலையமைப்புகள் நூற்றுக்கணக்கான வடிநிலங்களில் ஒன்றாகப் பயிற்சி பெற்று, பல பழைய மாதிரிகளைத் தோற்கடித்துள்ளன. அளவியே இல்லாத ஆறுகளில் ஐந்து நாள் முன்னறிவிப்பு, பழைய உலகளாவிய அமைப்பின் அதே நாள் கணிப்புக்கு நிகராகவோ மேலாகவோ இருந்ததாக 2024இல் கூகுள் குழு காட்டியது. ஆனால் இவையும் கற்பது மேலே சொன்ன மழையிலிருந்தும் ரேட்டிங் கர்விலிருந்தும்தான். பயிற்சியில் காணாத பெருவெள்ளத்தை எவ்வளவு துல்லியமாகச் சொல்லும் என்பதைத் தனியாகச் சோதித்தாக வேண்டும்.

‘30 சதவீத வாய்ப்பு’ என்று முன்னறிவிப்பு வருகிறது. வெள்ளம் வரவில்லை என்றால் அது தவறா?

ஒரு முறையை வைத்துச் சொல்ல முடியாது. 30 சதவீதம் என்று சொன்ன 100 முறைகளில் ஏறக்குறைய 30 முறை வெள்ளம் வந்திருந்தால் அந்த அமைப்பு நம்பகமானது.

இந்தச் சதவீதம் என்செம்பிள் முறையில் கிடைக்கிறது. ஐரோப்பிய வானிலை மையம் ஒரே தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி 51 முன்னறிவிப்புகளை ஓட்டுகிறது. ஒவ்வொன்றின் மழையையும் ஆற்று மாதிரிக்குள் செலுத்தினால் 51 நீரோட்டங்கள் வரும். அவற்றில் 15 அபாய அளவைத் தாண்டினால் ஏறக்குறைய 30 சதவீதம். 2002 வெள்ளங்களுக்குப் பின் ஐரோப்பா கட்டிய பொது வெள்ள எச்சரிக்கை அமைப்பு இந்த வழியில்தான் இயங்குகிறது. ஒரு குறை: பல இடங்களில் 51 மழையையும் ஒரே பாராமீட்டர் தொகுப்பு கொண்ட ஒரே மாதிரியில்தான் ஓட்டுகிறார்கள். அதனால் வரும் வரம்பு உண்மையைவிடக் குறுகியது.

இவ்வளவு நிச்சயமின்மையோடு எப்படி முடிவெடுப்பது?

வரம்பு இருந்தால் எளிது. தாழ்வான கிடங்கிலிருந்து சரக்கை மேலே ஏற்ற 1 பங்கு செலவு, ஏற்றாமல் நனைந்தால் 20 பங்கு நஷ்டம் என்றால், வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டியதுமே ஏற்றுவதுதான் லாபம். செலவு 10 பங்கு என்றால் 50 சதவீதம் வரை பொறுக்கலாம். ஒரே முன்னறிவிப்பு கிடங்குக்காரரை ஓடச் செய்யும், இன்னொருவரை உட்கார வைக்கும், இரண்டும் சரியே. ‘வெள்ளம் வரும்’ அல்லது ‘வராது’ என்று மட்டும் சொன்னால், இந்தக் கணக்கை அவர்களுக்குப் பதிலாக முன்னறிவிப்பவரே போட்டுவிடுகிறார், அவர்களுடைய செலவும் நஷ்டமும் தெரியாமலேயே.

பருவநிலை மாறும்போது பழைய பதிவுகளுக்கு மதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் கடந்தகாலம் போலவே எதிர்காலமும் இருக்கும் என்ற அனுமானம் இனி இலவசமாகக் கிடைக்காது. நூற்றாண்டின் இறுதிக்கான ஆற்று நீர்க் கணிப்புகளில் பெரும்பாலும் எந்தப் பருவநிலை மாதிரியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதே விடையை அதிகம் மாற்றுகிறது. குறைந்த நீரோட்டங்களில் நீரியல் மாதிரியின் தேர்வும் அதற்கு ஈடாக மாற்றலாம். ஒரே ஒரு பருவநிலை மாதிரியை வைத்து எழுதிய அறிக்கையைப் பார்த்தால் நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுவேன்.

நிச்சயமின்மை என்றாவது பூஜ்யமாகுமா?

ஆகாது, ஆனால் குறையும் பகுதி எது, குறையாத பகுதி எது என்று பிரிக்கலாம். அடுத்த மாதம் எந்த இடிமேகம் எங்கே கொட்டும் என்பது குறையாத பகுதி. வெள்ளத்தின்போது நீரோட்டத்தை ஒரு முறையாவது அளந்து ரேட்டிங் கர்வின் மேல்முனையில் புள்ளி வைப்பது குறைக்கக்கூடிய பகுதி, செலவும் அதிகமில்லை. செயற்கைக்கோள்கள் கொஞ்சம் உதவுகின்றன. 2002இல் ஏவிய கிரேஸ் புவியீர்ப்பு மாற்றத்திலிருந்து நிலத்தடி நீர் உட்பட மொத்த நீரிருப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டியது, அதுவும் பெரிய வடிநிலங்களுக்கு மட்டும். 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட், சுமார் 100 மீட்டருக்கு மேல் அகலமான ஆறுகளின் மட்டத்தை விண்ணிலிருந்து அளக்கிறது. 21 நாள் சுற்றில் ஓர் இடத்தை ஒரு சில முறைதான் பார்க்கும் என்பதால், ஆறு மணி நேரத்தில் ஏறி இறங்கும் வெள்ளத்துக்குக் கரையில் நிற்கும் அளவிதான் இன்னும் வழி.